திருப்புகழில் அகராதி ஏன் கைவிடுகிறது? சில சொற்களும் அவை வந்த வழியும்

காட்பாடியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தது சுருக்கமாக இது: "கிருத்திகைதோறும் வள்ளிமலையில் கூட்டாகத் திருப்புகழ் பாடுகிறோம். பாட்டு மனப்பாடம், பொருள் மட்டும் பாதிக்குமேல் தெரியாது. அகராதியில் தேடினால் அந்தச் சொல்லே இல்லை, அல்லது சம்பந்தமில்லாத பொருள் வருகிறது. இவை தமிழா, வடமொழியா? 'சலாம்' கூட வருகிறதே, அது ஆற்காட்டு நவாபு காலத்தில் சேர்த்ததா? முருகனை ஏன் ஒவ்வொரு பாட்டிலும் பெருமாளே என்கிறார்? எங்கள் ரத்னகிரிக்கு அருணகிரியார் பாடியது உண்டா இல்லையா என்று என் மாமியாருக்கும் அவர் தங்கைக்கும் சண்டை, அதையும் சொல்லுங்கள்."

கேள்வி ஐந்தாறு இருந்தாலும் முதலாவதற்குப் பதில் கிடைத்தால் மற்றவை பாதி அவிழ்ந்துவிடும். அகராதி கைவிடுவதற்குக் காரணம் அருணகிரியார் அரிய சொற்களைப் போட்டது மட்டும் இல்லை. நாம் தேடுவது பல நேரங்களில் சொல்லே இல்லை, தாளத்துண்டு. திருப்புகழ் சந்தத்துக்காக, அதாவது திரும்பத் திரும்ப வரும் ஓசை அச்சுக்காக, வெட்டப்பட்ட பாட்டு. புத்தகத்திலும் சந்தம் பிரிகிற இடத்தில்தான் இடைவெளி விட்டு அச்சடிப்பார்கள். சொல் பிரிகிற இடம் வேறு.

நீங்கள் பாடும் மலையின் பாட்டையே எடுத்துக்கொள்வோம். 'அல்லசல் அடைந்த' என்று தொடங்கும் வள்ளிமலைப் பாட்டின் முடிவு இப்படி வரும்:

வல்லசுர ரஞ்ச நல்லசுரர் விஞ்ச
வல்லமை தெரிந்த மயில்வீரா
வள்ளிபடர் கின்ற வள்ளிமலை சென்று
வள்ளியை மணந்த பெருமாளே.

வல்லசுரர், நல்லசுரர் இரண்டும் காதுக்கு ஒரே அச்சு. ஒரே மாதிரி பிரித்தால் என்ன ஆகும்? வல் அசுரர், நல் அசுரர் என்று பிரித்தால் நல்ல அசுரர்கள் ஓங்கினார்கள் என்றாகிவிடும். வல்ல சுரர், நல்ல சுரர் என்றால் வலிமையுள்ள தேவர்கள் அஞ்சி ஓடுவார்கள். முதலாவதை வல் + அசுரர் என்றும், இரண்டாவதை நல்ல + சுரர் என்றும் வெட்ட வேண்டும். வலிய அசுரர் அஞ்ச, நல்ல தேவர் மேலோங்க என்று அப்போதுதான் பொருள் நேராகிறது. ஒரே ஓசையை ஓர் எழுத்துத் தள்ளி வெட்டி எதிரெதிர்க் கட்சிக்காரர்களை ஒரே அடியில் நிறுத்திவிட்டார். 'விஞ்ச' என்பதும் வேற்றுச் சொல் அன்று. நாம் இன்று மிஞ்சுவது என்கிறோமே, அதுதான்.

இந்த இடத்தில் ஒரு சுவையான உபகதை. வேதத்தின் பழைய பகுதிகளில் 'அசுர' என்பது வசவு அன்று, வருணன் போன்ற தேவர்களுக்கே சொன்ன பட்டம். பிற்காலத்தில் அது எதிரிகளுக்கு உரிய பெயராகி, முன்னால் நிற்கும் 'அ'வை 'இல்லை' என்னும் பொருளில் எடுத்துக்கொண்டு, அதைக் கழற்றி 'சுர' என்று தேவர்களுக்கு ஒரு புதுப்பெயர் செய்துகொண்டார்கள். ஆக, அசுரர் மூத்த சொல், சுரர் அதன் பிள்ளை. சங்க இலக்கியத்துக்கு உரிய சொல் அவுணர். அதையும் அருணகிரியார் விடவில்லை, 'நட்பற் றவுணரை வெட்டி' என்று வேறொரு பாட்டில் வைக்கிறார்.

அந்த வேறொரு பாட்டு எல்லோருக்கும் தெரிந்த 'முத்தைத்தரு'தான். பாடும்போது 'பத்தற்கிர தத்தைக் கடவிய' என்று வருகிற இடத்தில் 'கிரதத்தை' என்று எதையோ தேடி அலுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பத்தற்கு இரதத்தைக் கடவிய என்று எழுதிப் பாருங்கள். பக்தனாகிய அருச்சுனனுக்குத் தேரை ஓட்டியவன். கடவுதல் என்றால் செலுத்துதல். 'முப்பத்துமு வர்க்கத் தமரரும்' என்பதில் 'முவர்க்கம்' என்று ஒன்றும் இல்லை. முப்பத்து மூ வர்க்கத்து அமரரும். மூன்று என்பதன் 'மூ' சந்தத்துக்காக 'மு' என்று குறுகி நிற்கிறது. ஆதித்தர் 12, உருத்திரர் 11, வசுக்கள் 8, அசுவினி தேவர் 2 என்று முப்பத்து மூன்று.

சரி, இவ்வளவு சிரமப்பட்டு ஏன் வெட்ட வேண்டும்? இங்கேதான் சொற்களைத் தேர்ந்தெடுப்பது யார் என்ற விஷயம் வருகிறது. 'முத்தைத்தரு' பாட்டின் சந்தக் குழிப்பு, அதாவது ஓசை வாய்பாடு, இது: தத்தத்தன தத்தத் தனதன. முத்தைத்தரு என்பது தத்தத்தன, பத்தித் என்பது தத்தத், திருநகை என்பது தனதன. இந்த அச்சில் மூன்று தரம் சுற்றி, 'எனவோதும்' என்று தனதானவில் இறங்க வேண்டும். இரண்டாம் அடியில் தேவயானைக்குத் தலைவன் என்று சொல்ல வருகிறார். யானைக்கிறை என்று போட்டால் தானத்தன ஆகிவிடும், தாளம் தட்டும். எனவே அத்திக்கிறை. அத்தி என்பதும் யானைதான். வடமொழி 'ஹஸ்தி' தமிழ் வாயில் அத்தி ஆனது. ஹஸ்தம் என்றால் கை, கை உடையது ஹஸ்தி.

'கைத்தல நிறைகனி'யில் இதையே இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். அந்த ஒரே பாட்டில் யானைக்கு மூன்று பெயர்கள். 'கப்பிய கரிமுகன் அடிபேணி' என்னும்போது கரி. 'மற்பொரு திரள்புய மதயானை' என்னும்போது யானை. 'அப்புன மதனிடை இபமாகி' என்னும்போது இபம். கரிமுகன் என்பது தனதன என்ற குறில் ஓட்டத்தில் உட்கார வேண்டும், அங்கே யானைமுகன் நுழையாது. அடியின் வாலில் தனதான என்று நீட்டி முடிக்கிற இடத்தில் மதயானை கச்சிதமாக விழுகிறது. இபமாகி என்ற இடத்தில் சந்தம் அப்படிக் கட்டாயப்படுத்தவில்லை, 'கரியாகி' என்றாலும் ஓடும். அங்கே வேறு சொல்லை எடுத்தது அவர் விருப்பம். கரி வடமொழியில் 'கரம் உடையது', தமிழில் கைம்மா என்பதும் அதே எண்ணம். இபம் நேரே வடமொழி. யானை நம்முடையது. மூன்றும் அவருக்கு வீட்டுச் சரக்கு மாதிரிதான். எந்த ஊர்ச் சரக்கு என்று பார்த்து எடுக்கவில்லை, எந்த இடத்தில் பொருந்தும் என்று பார்த்து எடுத்தார்.

நிகண்டை, அதாவது செய்யுளில் அமைந்த பழைய அகராதியை, மனப்பாடம் செய்த காலம் அது என்பதையும் மறக்கக்கூடாது. ஒரு பொருளுக்கு உள்ள எல்லாப் பெயரும் நாக்கு நுனியில் நின்றன. அவருக்குச் சற்றுப் பிந்திய சூடாமணி நிகண்டில் ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறும் தொகுதியை இரண்டாம் எழுத்து வரிசையில், அதாவது எதுகைப்படி, அடுக்கியிருக்கிறார் மண்டலபுருடர். செய்யுள் கட்டுகிறவனுக்கு வேண்டியது எதுகைதானே. நம் அகராதிகள் முதலெழுத்து வரிசைக்குப் போனது பிற்பாடு.

எனவே "இது தமிழா வடமொழியா" என்று பிரித்துப் பட்டியல் போடுவதில் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. அவர் வடமொழியில்தான் சிந்தித்தார், தமிழ் போதவில்லை என்று யாராவது சொன்னால் அவரே பாடிய கந்தர் அலங்காரத்தைக் காட்டுங்கள். அங்கே சந்தக் கெடுபிடி இல்லை, கட்டளைக் கலித்துறை என்னும் யாப்பு. 'நாளென் செயும்வினை தானென் செயுமெனை நாடிவந்த கோளென் செயுங்கொடுங் கூற்றென் செயும்' என்று எந்த அகராதியும் தேவைப்படாத தமிழில் ஓடுகிறார். கூற்று மட்டும் ஒருவேளை கேட்க வேண்டியிருக்கும். உடலையும் உயிரையும் கூறு பண்ணுகிறவன் கூற்றுவன் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். அதே ஆள், அதே முருகன், யாப்பு மாறியதும் சொல்லும் மாறிவிட்டது. அதற்காகச் சந்தப் பாட்டு எல்லாமே ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். சில பாட்டுகளில் சந்தத்தை நிரப்புவதற்காகவே சொல்லடுக்கு வருகிறது. பக்தியோடு பாடுங்கள், ஆனால் ஒவ்வொரு அசைக்கும் ஆழ்பொருள் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

இனி, தெரிந்த சொல் என்று நினைத்து ஏமாறுகிற இடங்கள். இவைதான் தெரியாத சொற்களைவிட ஆபத்தானவை.

'பத்தித் திருநகை'யில் வரும் பத்தியைப் பக்தி என்று நினைத்துப் பாடுபவர்கள் ஏராளம். அது வரிசை. வடமொழிப் 'பங்க்தி' பத்தியானது, பத்திரிகையில் பத்தி என்கிறோமே அதே சொல். முத்தைப் போன்ற பல்வரிசை உடைய தேவயானை என்பது பொருள். அடுத்த சில அடிகளில் 'பத்தற்கு' வரும்போது அது பக்தன். இடையில் 'பத்துத்தலை' வரும்போது அது எண், இராவணனின் தலைகள். ஊதுபத்தியில் உள்ள பத்தியோ இந்துஸ்தானியில் திரியைக் குறிக்கும் 'பத்தி', அது நான்காவது வீட்டுப் பிள்ளை. வடமொழியின் க்த, ங்க்த, ஸ்த எல்லாம் தமிழில் வந்து 'த்த' என்று ஒன்றாகிவிடுவதால் இந்தக் கூட்டம். அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் தத்தத்தன என்று ஒரு பாட்டு முழுக்க ஓட்டியிருக்கவும் முடியாது.

அத்திக்கும் அதே கதை. அத்திமரம் ஒன்று. ஹஸ்தியிலிருந்து வந்த யானை ஒன்று. 'அப்தி'யிலிருந்து வந்த கடல் ஒன்று. 'அஸ்தி'யிலிருந்து வந்த எலும்பு ஒன்று. காஞ்சிபுரத்தில் இதை நேராகவே பார்க்கலாம். வரதராசர் நிற்கும் குன்றுக்கு அத்திகிரி என்று பெயர், யானைமலை என்பது அதன் பொருள். குளத்துக்குள்ளிருந்து எடுத்து 2019இல் நாமெல்லாம் வரிசையில் நின்று பார்த்த அத்திவரதர் அத்திமரத்தால் ஆனவர். இரண்டும் வேறு அத்தி. அருணகிரியாரின் கந்தர் அந்தாதியில் 'திதத்தத்தத் தித்தத்' என்று தகர எழுத்துகளாலேயே அமைந்த ஒரு செய்யுள் உண்டு, பாரதம் பாடிய வில்லிபுத்தூரார் உரை சொல்ல முடியாமல் தோற்றார் என்று கதை கட்டியிருக்கும் செய்யுள். அங்கே இந்த அத்திகளில் யானையும் கடலும் எலும்பும் ஒரே மேடையில் ஆடுகின்றன. கூடவே ததி என்றால் தயிர், துத்தி என்றால் பாம்பின் படத்துப் புள்ளி.

மத்து, மத்தம், மத்தளம் மூன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 'ஒற்றைக்கிரி மத்தைப் பொருது' என்பதில் மோர் கடையும் மத்துதான். மந்தர மலையே மத்து. 'மத்தமும் மதியமும் வைத்திடும் அரன்' என்பதில் ஊமத்தம்பூ, நம் வயலோரத்தில் வெள்ளையாகப் பூக்கிறதே அது. 'மத்தள வயிறன்' விளக்கமே வேண்டாம்.

புயல் இன்னொரு பொறி. 'பச்சைப்புயல் மெச்சத் தகுபொருள்' என்னும்போது வங்கக் கடலில் மையம் கொள்கிற புயலை நினைத்தால் திருமால் காற்றழுத்தத் தாழ்வாகிவிடுவார். பழந்தமிழில் புயல் என்றால் மேகம். பச்சை மேகம் போன்ற மேனியன். சூறைக்காற்று என்ற பொருள் பிற்காலத்தில் ஏறியது. 'பட்டப்பகல் வட்டத் திகிரியில் இரவாக' என்பதில் வரும் திகிரியை வடசொல் என்று பலர் எண்ணுகிறார்கள். சக்கரம்தான் வடசொல். திகிரி பழைய தமிழ்ச் சொல், சிலப்பதிகாரத்தின் தொடக்கத்திலேயே 'காவிரி நாடன் திகிரிபோல்' என்று சோழனின் ஆணைச் சக்கரமாக வருகிறது. கண்ணன் சக்கரத்தால் சூரியனை மறைத்துப் பட்டப்பகலை இரவாக்கிய பாரதக் கதை இங்கே நான்கு சொல்லில் முடிந்துவிடுகிறது. இதில் 'பட்டப்பகல்' ஐந்நூறு ஆண்டுக்கு மேலாகியும் மாறவே இல்லை, நேற்றுகூடத் திருட்டுச் செய்தியில் படித்தோம்.

'மட்டவிழ் மலர்' என்பதில் மட்டு தேன். தேன் துளிக்க விரியும் மலர். மட்டமான மலர் என்று நினைத்துச் சிரித்த பையன்களும் உண்டு. 'மற்பொரு' என்பது மல் பொரு, மற்போர் செய்கிற.

அகராதியில் தேடவே கூடாத சொற்களும் இருக்கின்றன. 'தொக்குத்தொகு தொக்குத் தொகுதொகு' என்பது போர்க்களத்தில் அட்ட பைரவர்கள் ஆடும்போது எழும் தாள ஓசை. தொக்கு என்று தேடினால் மாங்காய்த் தொக்குதான் கிடைக்கும். ஆனால் அடுத்து வருகிற கோட்டான் சத்தத்தைக் கவனியுங்கள்:

குக்குக்குகு குக்குக் குகுகுகு
குத்திப்புதை புக்குப் பிடியென முதுகூகை

கூகை என்றால் கோட்டான், பேராந்தை. முதல் வரியில் அது வெறும் குகுகுகு. இரண்டாம் வரியில் அதே ஓசை மெல்லத் திரண்டு 'குத்திப் புதை, புக்குப் பிடி' என்று ஏவலாக மாறுகிறது. குத்து, புதை, உள்ளே புகு, பிடி. கிழட்டுக் கோட்டான் முருகன் படைக்குச் சொல்லிக்கொடுப்பது மாதிரி இருக்கிறது. ஓசை எங்கே முடிந்து சொல் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாது. எனக்கு அந்தப் பாட்டிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். பாடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கே வேகத்தைக் கூட்டி மூச்சைக் காப்பாற்றிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். கொஞ்சம் நிறுத்திப் பாடலாம்.

அடுத்து சலாம். 'சுராதிபதி மாலயனு மாலொடு சலாமிடு சுவாமிமலை வாழும் பெருமாளே' என்று ஒரு பாட்டு முடிகிறது. இந்திரனும் திருமாலும் பிரமனும் அன்போடு சலாம் போடுகிற சுவாமிமலை. (இங்கேயும் மால் இரண்டு: முதலாவது திருமால், இரண்டாவது மயக்கம், அன்பு.) சலாம் அரபுச் சொல்தான், சந்தேகமில்லை. ஆனால் நவாபு காலத்தில் யாரும் சேர்க்கவில்லை. ஆற்காட்டை முகலாயத் தளபதிகள் எட்டியது 17ஆம் நூற்றாண்டின் கடைசியில். சாதத்துல்லா கான் நவாபாக இருந்தது 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அருணகிரியார் அதற்கு 250 ஆண்டு மூத்தவர்.

அந்தக் காலக்கணக்கும் ஒரு சொல்லில்தான் தொங்குகிறது. 'அதல சேட னாராட' என்ற பாட்டின் முடிவில் 'உதய தாம மார்பான ப்ரபுட தேவ மாராயன் உளமு மாட வாழ்தேவர் பெருமாளே' என்று ஓர் அரசனைப் பெயர் சொல்லி அழைக்கிறார். ப்ரபுட என்பது ப்ரௌட என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். முதிர்ந்த, ஆற்றல் நிறைந்த என்று பொருள். ப்ரௌட தேவராயன் என்பது விசயநகரத்து இரண்டாம் தேவராயனின் பெயர். அவன் ஆண்டது 1420களிலிருந்து 1446 வரை. திருவண்ணாமலை அப்போது அவன் ஆட்சிக்குள். கோயிலில் கம்பத்து இளையனார் சந்நிதிக்குச் சொல்கிற கதை, முருகன் தூணில் வெளிப்பட்டு இந்த அரசனுக்குக் காட்சி தந்தது என்பதுதான்.

இந்தத் தேவராயன் பாமினி சுல்தான்களிடம் பட்ட அடிக்குப் பிறகு முசுலிம் குதிரை வீரர்களையும் வில்லாளிகளையும் தன் படையில் சேர்த்தான். அவர்களுக்கு நிலம் கொடுத்தான், பள்ளிவாசல் கட்டிக்கொடுத்தான், அவர்கள் தன் முன்னால் வந்து வணங்கும்போது மனசாட்சி உறுத்தக்கூடாது என்று அரியணைக்கு எதிரே குர்ஆனை ஒரு பீடத்தில் வைத்தான் என்று பெரிஷ்தா என்ற பாரசீக வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். அரசவையில் சலாம் அன்றாடம் நடந்த காலம். முருகன் சபையிலும் இந்திரன் அதையே செய்கிறான். கவிஞர் கண்ட கொலு மரியாதை பாட்டுக்குள் போய்விட்டது, அவ்வளவுதான். நம் மாவட்டத்து அரசுக் கச்சேரிகளில் பின்னால் புழங்கிய உருது வேறு காலத்துச் சரக்கு.

இதே படையோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய சொல் இராவுத்தன். கந்தர் அலங்காரத்தில் 'இடிக்குங் கலாபத் தனிமயி லேறும் இராவுத்தனே' என்று முருகனை அழைக்கிறார். இராவுத்தர் என்றால் நமக்கு இன்று தமிழ் முசுலிம்களில் ஒரு பிரிவு. அதனால் இதையும் அரபு என்று நினைப்பார்கள். இல்லை. வடமொழி 'ராஜபுத்ர' பிராகிருதத்தில் 'ராவுத்த' ஆகி, கன்னடம் தெலுங்கில் குதிரைவீரன் என்ற பொருளோடு படையில் புழங்கித் தமிழுக்கு வந்தது. குதிரை வணிகமும் குதிரைப் படையும் யார் கையில் இருந்ததோ அவர்களுக்கு அது பட்டப்பெயராக நின்றுவிட்டது. அருணகிரியார் காலத்துப் பொருள் 'குதிரைச் சேவகன்'. மயிலைக் குதிரையாகக் கண்டால் முருகன் ராவுத்தன். முதலில் ஒரு வேலைக்குப் பெயராக இருந்து, பிறகு ஒரு சமூகத்துக்குப் பெயரான சொல். ராசபுத்திரர் என்று வடக்கே ஒரு சமூகமும் இராவுத்தர் என்று தெற்கே ஒரு சமூகமும் ஒரே சொல்லைச் சுமந்துகொண்டிருக்கின்றன.

பெருமாள் விஷயம் சின்னது. பெருமான் என்பதும் பெருமாள் என்பதும் பெரியோன், தலைவன் என்னும் பொருளில் ஒரே குடும்பம். சேர நாட்டு அரசர்களைப் பெருமாள் என்றார்கள், கல்வெட்டுகளிலும் அரசனுக்குப் பெருமாள் உண்டு. திருமாலுக்கு மட்டும் என்று ஒதுங்கியது வைணவக் கோயில் வழக்கின் செல்வாக்கால். தவிர அருணகிரியார் பல பாட்டுகளில் திருமாலைப் பற்றி நாலு வரி பாடி 'மருகோனே' என்று முடிச்சுப் போடுவதில் சளைப்பதே இல்லை. மருகன் என்பது உடன்பிறந்தாள் மகனும் ஆகலாம், மருமகனும் ஆகலாம். முருகன் இரண்டு வகையிலும் திருமாலுக்கு மருகன். உமை திருமாலின் தங்கை, தேவயானையும் வள்ளியும் திருமாலின் மகள்கள் என்பது புராணம். அக்காள் மகனுக்கே பெண் கொடுக்கிற நம் ஊர்க்காரர்களுக்கு இதில் குழப்பமே வராது.

வள்ளி உங்கள் மலையின் சொல். கொடி என்பது அதன் அடிப்படைப் பொருள், அதனால்தான் 'வள்ளி படர்கின்ற வள்ளிமலை' என்று கொடியையும் மலையையும் பெண்ணையும் மூன்று தரம் அடுக்குகிறார். சர்க்கரைவள்ளிக் கிழங்கிலும் அதே வள்ளிதான். வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் குழந்தை கிடைத்ததால் வள்ளி என்று பெயர் வைத்தார்கள் என்று கந்தபுராணம் சொல்லும். தொல்காப்பியத்திலேயே 'கொடிநிலை கந்தழி வள்ளி' என்று வருகிறது. 'கைத்தல'த்தில் வந்த 'அப்புன மதனிடை' என்பதும் உங்கள் ஊர்தான். புனம் என்றால் மலைச்சரிவில் காட்டைத் திருத்தி விதைத்த கொல்லை. வள்ளி பரண்மேல் நின்று காத்த தினைப்புனம். பிள்ளையார் யானையாக வந்து அவளைப் பயமுறுத்தித் தம்பியிடம் ஓடவைத்த இடம். பரண் என்ற சொல்லை விளக்க வேண்டிய தேவை நம் பக்கத்தில் இன்னும் வரவில்லை. ஜவ்வாது மலையில் சாமைக் கொல்லை பார்த்தவர்களுக்குப் புனமும் புரியும்.

விரிஞ்சிபுரத்துக்கும் இவர் பாட்டு உண்டு, ஊரை 'விரிஞ்சை' என்று சுருக்குவார். தஞ்சாவூர் தஞ்சை ஆவது போல. விரிஞ்சன் என்றால் பிரமன், அவன் பூசித்த ஊர் என்பது தலக்கதை.

இப்போது மாமியார் வழக்கு. பாட்டு 'பத்தியால் யானுனைப் பலகாலும்'. அதில் ரத்னகிரி என்ற சொல்லே இல்லை என்பதைத்தான் இருவரும் முதலில் பார்க்க வேண்டும். இருப்பது 'ஒப்பிலா மாமணிக் கிரிவாசா'. மணி என்றால் ரத்தினம், மணிக்கிரி என்றால் ரத்னகிரி. ஊர்ப்பெயரையே பொருள் பார்த்து வேறு சொல்லால் மாற்றிச் சந்தத்தில் உட்கார வைத்துவிட்டார். பதிப்பாசிரியர்கள் இதைக் குளித்தலைப் பக்கம் உள்ள வாட்போக்கி என்னும் ஐயர்மலைக்குச் சேர்த்தார்கள். அதற்கும் ரத்னகிரி, மாணிக்கமலை என்று பெயர்கள் உண்டு, தேவாரம் பெற்ற பழைய தலம். ஆற்காட்டுக்கும் வேலூருக்கும் நடுவில் நெடுஞ்சாலையிலிருந்தே தெரிகிற நம் ரத்னகிரியில் பக்தர்கள் இதைத் தங்கள் மலைப் பாட்டாகவே பாடுகிறார்கள். சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது, இரண்டும் மணிக்கிரிதான். பதிப்பு வழக்குப்படி 'இல்லை' என்கிறவர் பக்கம் வலுவாக இருக்கிறது. ஆனால் ஆடிக் கிருத்திகையன்று காவடிக் கூட்டத்தின் நடுவில் நின்று அதைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். அந்தப் பாட்டில் அடுத்து வரும் 'ஞானசத் திநிபாதா'வைப் பிரித்துப் பாடுங்கள்: ஞான சத்திநிபாதா. சத்திநிபாதம் சைவ சித்தாந்தச் சொல், உயிர் பக்குவப்பட்டதும் அருள் அதன்மேல் பதிவது. 'திநிபாதா' என்று ஒரு சொல் கிடையாது.

இப்படிப்பட்ட பிரிப்புப் பிழை நம் பக்கத்தில் அதிகம் இருப்பதற்கு ஒரு நல்ல காரணம் உண்டு. பாட்டு நமக்குக் காதுவழி வந்தது. வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராக ஏடு தேடி 1890களில் அச்சேற்றத் தொடங்கினார். ஆனால் அதை வீட்டு வீட்டுக்குக் கொண்டுபோனவர்களில் முக்கியமானவர் உங்கள் வள்ளிமலைக் குகையில் இருந்து 1950இல் மறைந்த சச்சிதானந்த சுவாமிகள். டிசம்பர் 31 இரவு திருத்தணியில் படிக்கு ஒரு திருப்புகழ் என்று பாடி ஏறுகிற வழக்கம் அவர் தொடங்கியது. கூட்டமாகப் பாடிக் கற்றவர்களுக்குத் தாளம் ஏறிய அளவுக்குச் சொல் ஏறவில்லை. அதில் தவறு ஒன்றும் இல்லை.

பொருள் வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். பாட்டை உங்கள் கையாலேயே ஒரு நோட்டில் சந்தம் பார்க்காமல் எழுதுங்கள், சொல் முடிகிற இடத்தில் மட்டும் இடைவெளி விட்டு. ட, ர, ற, ன, ல, ள போன்ற எழுத்தில் ஒரு சீர் தொடங்கினால் அது முந்தைய சொல்லின் வால், முன்னால் ஒட்டுங்கள். தமிழ்ச் சொல் அவற்றில் தொடங்காது. பிறகு செங்கல்வராய பிள்ளை உரையை வைத்துச் சரிபாருங்கள். அவர் சுப்பிரமணிய பிள்ளையின் மகன், அப்பா தேடிய பாட்டுகளுக்கு மகன் உரை எழுதினார். அகராதி என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ் லெக்சிகன். அத்திக்கு அதில் எத்தனை பதிவு இருக்கிறது என்று முதலில் அதையே எடுத்துப் பாருங்கள். முதல் பாட்டாக 'முத்தைத்தரு' வேண்டாம், மிரட்டிவிடும். 'கைத்தல நிறைகனி'யில் தொடங்குங்கள். அதில் 'அச்சது பொடிசெய்த' வருகிற இடத்தில் அச்சு எது, அச்சிறுபாக்கத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கண்டுபிடித்துவிட்டால் எழுதுங்கள், மிச்சத்தை அப்புறம் பேசலாம்.